மனைவியும் வரவும்

இன்று பழைய அலமாரியைத் துடைக்கும்போது ஃபார்மலின் வாடை அடித்தது. மூலையில் ஒரு சிறு குப்பி. மேலே என் கையெழுத்தில் உன் பெயர். உன் சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்ப இரண்டு குப்பி தயார் செய்திருந்தேன், இது மிஞ்சியது.

உனக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் என்பதால், அறுபது வயதில் கூச்சமில்லாமல் டாக்டரான என்னிடம் வந்தாய். ஆண்குறியின் நுனியில் பளபளவென்று சிவந்த திட்டு, வலியில்லை. கூச்சப்பட்டது நான்தான். லென்ஸை வைத்து நிதானமாகப் பார்க்காமல், பூஞ்சைக்கு ஒரு களிம்பு, அடுத்துக் கிருமிக்கு ஒன்று என மாற்றிக்கொண்டே போனேன்.

“ஏலே, நான் கலக்குற மருந்து வெடிக்குது. நீ குடுக்குற மருந்து புஸ்ஸுங்குதே!” என்று சிரித்தாய்.

மூன்றாம் முறை, முறைப்படி எதையும் விட்டுவிடக் கூடாதென்று, பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை எழுதினேன். சீட்டின் அடியில் வழக்கமான வரி: ‘மனைவியும் வரவும்.’

உன் மனைவி அதைப் படித்துவிட்டார். “பேரன் எடுத்த வயசுல எங்கன போயி வாங்கிட்டு வந்தீக?” என்று கேட்டுவிட்டுத் திருத்தங்கலில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ரத்தத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகே துணுக்கு எடுத்தேன். புற்று இல்லை, தொற்று இல்லை என்று அறிக்கை வந்தது. வயதான ஆண்களுக்கு எப்போதாவது வரும் தீங்கற்ற தோல் அழற்சி. யாரிடமிருந்தும் வராது, யாருக்கும் போகாது. புத்தகத்தில் அதன் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரில் வந்தபோது தெரியவில்லை.

“நான் சொன்னா நம்ப மாட்டா. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுலே” என்றாய்.

திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினேன். தம்பி வீட்டுத் தெருவில், அச்சகத்து முனையில் நின்று, அந்த உறுப்பை ஒரு பெண்ணிடம் என்ன பெயர் சொல்லிப் பேசுவது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. திரும்பி வந்து, வீடு பூட்டியிருந்தது என்று உன்னிடம் பொய் சொன்னேன். “சரி, அடுத்த வாரம் போவோம்” என்றாய். நான்காம் நாள் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய்.

போன மாதம் உன் மனைவி பிரஷர் மாத்திரைக்கு வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கோபப்படவில்லை.

“இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம் பண்ணாக, டாக்டரய்யா. நான் உங்க சீட்டத்தான் நம்புனேன்.”

நீட்டிய அறிக்கையை அவர் வாங்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைக்கிறேன்.