அடுப்புப் புகையும் கோப்புப் படமும்

அக்கா,

இன்று காலை முள்ளுக்குறிச்சி டீக்கடையில் பேப்பரைப் பிரித்தேன். உள்பக்கத்தில் உங்கள் முகம். கண்ணீர் வழிய, முந்தானையை மூக்கில் வைத்தபடி இருக்கிறீர்கள். மேலே, 'பட்டினியில் வாடும் மலைமக்கள்'. கீழே பொடி எழுத்தில் 'கோப்புப் படம்'. உங்களை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பத்திரிகையின் படக்காரரை மலைமேல் இருக்கும் உங்கள் குண்டனி நாட்டுக்கு பைக்கில் கூட்டிவந்தவன், உள்ளூர் நிருபரான நான்தான். மிளகுக் கொடிகளைப் படமெடுக்க வந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, உங்கள் வீட்டில் ஒதுங்கினோம். "வந்தவங்களப் பசியோட அனுப்பினா நல்லாவா இருக்கும்?" என்று ஈர விறகை ஊதி ஊதி உலை வைத்தீர்கள். புகையில் உங்கள் கண் கலங்கியபோது அவர் ஒரு படம் எடுத்தார். பிறகு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பை வாயாரப் புகழவும் செய்தார்.

அடுத்த வாரம் பேப்பரில் நீங்கள் பட்டினிக்காரி. "என் ஊட்டுல தின்னுப்போட்டு நான் பட்டினின்னு போட்டுட்டாங்களே சாமி" என்றீர்கள். உங்கள் குரல் உயரவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அதன்பின் அந்தப் படத்துக்கு ஓய்வே இல்லை. எங்கோ வறட்சி என்றாலும் நீங்கள்தான். கள்ளச்சாராயச் செய்தியில் கணவனைப் பறிகொடுத்தவளும் நீங்கள்தான். அதை நான் வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து, "அப்ப நான் ஆருங்க?" என்றார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னீர்கள்: "மக ஊட்டுக்குப் போனா, சம்பந்தி சோத்தப் போட்டுட்டு என் வாயவே பாக்கறாங்க சாமி. அன்னிக்கு எங்க ஊட்டுல சோறு இருந்துச்சுன்னு ஒரு வரி போடச் சொல்லு. வேறொண்ணும் வேண்டாம்."

அந்த ஒரு வரிக்காக எத்தனை தடவை கேட்டிருப்பேன். "அது புகையில வந்த கண்ணீருங்க" என்றால், "கண்ணீர் கண்ணீர்தானே, படம் பேசுதுல்ல" என்பார் செய்தி ஆசிரியர். பேசத்தான் செய்கிறது, அத்தனையும் பொய். பெரிய மனிதர் ஒருவரின் பெயரில் எழுத்து பிசகினால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிற பத்திரிகை இது. மலைக்காரியின் முகத்தை மட்டும் எந்தத் துயரத்துக்கு வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்வார்களாம். கூச்சமே இல்லை.

இன்றும் செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன்.

"அப்படியா?" என்றார். "சரி விடுங்க. இனிமே யார் வந்து கேக்கப் போறாங்க?"

நான் கேட்பேன் அக்கா. நிருபர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாலும் கேட்பேன். நீங்கள் கொடுத்த வரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அச்சில் வரும்வரை இந்த மடலில் கிடக்கட்டும்: அன்றைக்கு உங்கள் வீட்டில் சோறு இருந்தது. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டவர் எங்கள் ஆள்.