பிராக் நகரில் உனக்குப் பின்னால்

இன்று எங்கள் ஊர் பேர்லேண்டில் காய்கறி வாங்கப் போன இடத்தில் புதிதாக ஒரு கடை. மாவை உருளைக் கட்டையில் சுற்றி, தணலில் வாட்டி, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிக் கொடுத்தார்கள். பிராக் போய் வந்து நீ வர்ணித்த தின்பண்டம். அந்த வாசனையோடு உன்மேல் எனக்கிருந்த பொறாமையும் வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன், ஜெர்மனியில் ஆபீஸ் வேலை முடிந்ததும் வீடு திரும்பாமல், வாரக் கடைசியில் தனியாகப் பிராக்குக்கு ரயிலேறப் போவதாகச் சொன்னாய்.

"எப்படிடி உங்க வீட்டுக்காரர் விட்டார்?" என்று கேட்டேன்.

"அவுத்து விடறதுக்கு நான் என்ன மாடா? டிக்கெட் புக் பண்ணிட்டுத்தான் சொன்னேன்."

அங்கிருந்து நீ கூப்பிட்டபோது நான் ஃப்ரீவேயில் இருந்தேன். டேகேருக்கு லேட். பின்சீட்டில் பிள்ளைகள் ஒரு பொம்மைக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய பாலத்து மேல நிக்கறேன்டி. ரெண்டு பக்கமும் கல் சிலைங்க. பசிச்சா சாப்பிடறேன், கால் வலிச்சா உக்கார்றேன். யாரும் எதுக்கும் கூப்பிடல."

அந்த ஊரின் அழகைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கால் வலித்தால் உட்காருகிறாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. "டிரைவ் பண்றேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

கல்லூரியில் இருந்தே எல்லாவற்றிலும் நீதான் முந்தி. முதல் வேலை, முதல் விசா, முதல் வீடு. போன வருஷம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனபோது, அழுகைக்கு நடுவிலும் 'இதிலுமா?' என்று தோன்றியது.

இந்த வசந்தத்தில் நானும் பிராக் போனேன், தனியாக. வீட்டில் அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். கோட்டை, மணிக்கொரு தரம் பொம்மைகள் எட்டிப் பார்க்கும் கடிகாரம், எல்லாம் நீ சொன்னபடியே இருந்தன. கால் வலித்தது, உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

பாலத்துக்கு வந்ததும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேன்மா. எதாவது ப்ராப்ளமா?"

"இல்ல, சும்மாதான்."

மகள், "நைஸ் அம்மா! செண்ட் பிக்ஸ்" என்று மெசேஜ் போட்டாள்.

இருவர் மேலும் தப்பில்லை. ஆனால் அவர்கள் யாரும் பொறாமைப்படவில்லையே! உனக்கு நான் இருந்தேன். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் மனசுக்குள் வெந்துகொண்டு. என் சந்தோஷத்தைக் கேட்டு அப்படி வேகிறவள் எனக்கு இனி யாருமில்லை. அதிலும் நீதான் கொடுத்துவைத்தவள் என்ற எண்ணத்தோடுதான் பாலத்தைக் கடந்தேன். இன்னும் அந்தப் பொறாமையை இறக்கி வைக்க மனசு வரவில்லை.