கல்வத்தில் அரைத்த மஞ்சள் தூள்

இன்று காலை ஆய்வகத்தின் பழைய அலமாரியை ஒழித்தபோது, ஒரு பழுப்புக் குப்பியின் மூடி நெகிழ்ந்து பென்சீன் வாசம் மூக்கில் ஏறியது. இனிப்பான வாசம். அதற்கு நடுவில்தான் நீயும் நானும் முனைவர் பட்டத்துக்காக நின்றோம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. விருதுநகரில் நம் ஆய்வகத்து எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது. ஒவ்வொரு வேதிவினைக்கும் பென்சீனைக் கரைப்பானாக ஊற்றி எட்டு மணி நேரம் கொதிக்க வைப்போம். தலை வலிக்கும், வெயில் என்று நினைத்துக்கொள்வோம்.

மூன்றாம் ஆண்டில் எதையோ படித்துவிட்டு வந்து, வினைபுரிய வேண்டிய இரண்டு சேர்மங்களையும் பீங்கான் கல்வத்தில் போட்டு, கரைப்பான் ஒரு சொட்டும் இல்லாமல் அரைக்க ஆரம்பித்தாய். பத்து நிமிடத்தில் மஞ்சளாகக் கட்டிக்கொண்டது. தண்ணீரில் கழுவினாய், அவ்வளவுதான். நெறியாளர் நம்பவில்லை. உருகுநிலை பார்த்தோம், அதே பொருள்.

"இனிமே யாரும் பென்சீன மோந்துக்கிட்டு நிக்க வேண்டாம் பிள்ள," என்றாய்.

கை கடுக்கக் கடுக்கப் பதினேழு சேர்மங்களை அப்படியே அரைத்து எடுத்தாய்.

அடுத்த ஆண்டு உன் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில், எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறவில்லை என்றார்கள். பென்சீன்தான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டிலில் கிடந்தபடியே கட்டுரையைத் திருத்தினாய். அது அச்சாகி வந்தபோது நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் உன் அம்மா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"கேக்கேன்னு தப்பா நினைக்காத தாயி. நாங்க வெடிமருந்துல கை வச்சா உரசவே கூடாதும்பாக. இவ அரைச்சேன் அரைச்சேன்னு சந்தோசமாச் சொல்லுவா. அதுனாலயா இப்பிடி ஆச்சு?"

இல்லை, அவள் அரைத்தது நல்ல காரியம், அதற்கு முன்னால் கொதிக்க வைத்ததுதான் கெடுதலாக இருந்திருக்கும் என்றேன். தலையசைத்துக்கொண்டார். இரண்டாம் ஆண்டில் என் கல்யாணத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்த இரண்டு மாதமும், என் வினைகளையும் சேர்த்து நீதான் கொதிக்க வைத்தாய் என்பதைச் சொல்லவில்லை. செய்து தரச் சொல்லிக் கேட்டதே நான்தான்.

இப்போது என் மாணவிகள் யாரும் பென்சீனைத் தொடுவதில்லை. முதல் நாளே உன் கட்டுரையைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். உன் அம்மா திருத்தங்கலில் கம்பெனி வேனுக்காக நிற்பதை எப்போதாவது பார்ப்பேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போவேன். சாப்பிட்டீகளா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.