அரை மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைதான், ஆனால் போன வாரம் போனில், நாற்காலியிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எல்லாம் தூக்கம் இல்லாததுதான் என்று சொல்லி வைத்துவிட்டாயே, அதிலிருந்து எனக்குத் தையல் மிஷினில் துணி ஓடவில்லை, கை ஓடவில்லை. நாங்கள் சுகம் என்று நான் அன்றைக்குச் சொன்னதும் பச்சைப் பொய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், அதனால் எழுதுகிறேன்.

ரெண்டு மாதம் முன்னால் உங்கப்பா ஒரு பள்ளிக்கூட ஹாலில் விளக்கு மாட்டப் போயிருந்தார். ஏணி உச்சியில் நின்று தலையை அண்ணாந்து ஸ்க்ரூவைத் திருகியபோது ஹாலே கிறுகிறுவென்று சுற்றியிருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடித்துச் சட்டையெல்லாம் தொப்பலாகிவிட்டது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவர் வீட்டில் மூச்சு விடவில்லை. அப்புறம் படுக்கையில் புரண்டாலும் அதே சுற்றல். நெஞ்சு அடித்தால் பிரஷராகத்தான் இருக்கும் என்று உங்கப்பா என்கிற பெரிய டாக்டரே முடிவு கட்டி, நான் குளிக்கப் போகும்போதெல்லாம் என் பிரஷர் மாத்திரையை எடுத்து, சட்டைப் பட்டனுக்குக் காஜா வெட்டும் என் கத்தரிக்கோலால் பாதியாக்கி விழுங்கியிருக்கிறார். எழுந்து நின்றால் கண் இருட்டவும், பாதி போதவில்லை போல என்று முழுசாகவே போட ஆரம்பித்துவிட்டார். மூளையைப் பார்த்தாயா!

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போதே மாத்திரை தீர்ந்ததும், நான்தான் மறந்துபோய் ரெண்டு ரெண்டாக முழுங்குகிறேனோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், புதிதாக வாங்கியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டேன். எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ரெண்டு கள்ளர்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்து, நெற்றி கதவில் மோதிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், அங்கே டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் நாடியும் பிரஷரும் பார்த்தார், இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்புறம் தலையைத் திருப்பிச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார், அப்பாவின் கண்மணி ரெண்டும் துடிதுடித்தன. காதுக்குள் இருக்கிற பொடிக்கல் இடம் மாறிவிட்டதாம், அதுதான் சுற்றல். நாம் நிமிர்ந்தோமா சாய்ந்தோமா என்று காது சொல்வதைக் கேட்டும்தான் மூளை இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சரிபண்ணுமாம், காது தப்பாகச் சொன்னால் இதயமும் பதறுமாம். என் மாத்திரையைப் போட்டதை அப்பா அங்கேதான் ஒப்புக்கொண்டார், அதுவும் சேர்ந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கிவிட்டதாம். டாக்டரம்மா அப்பாவின் தலையை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பித் திருப்பியே சுற்றலை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் ஏணி கூடாது. இப்போது அப்பா மேஜையில் ஃபேன் பழுது பார்த்துக்கொண்டு உர்ரென்று இருக்கிறார். என் பிரஷர் எகிறிக் கிடந்ததற்கு நானும் டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “எம்பொண்ணு வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா” என்றார் அப்பா. நான் தலையைக் குனிந்துகொண்டேன், நானும் உன்னிடம் அதற்குத்தானே மறைத்தேன்.

உனக்கும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை கண்ணு, வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், அது நமக்கு எப்படித் தெரியும்? நீயாக வைத்தியம் பார்க்காதே, கூட இருப்பவள் தரும் மாத்திரையைப் போடாதே. இந்த வாரமே போய்க் காட்டு, படுத்தும் நின்றும் பார்க்கச் சொல். நீ ஓடி வர வேண்டாம், மறைக்காமல் இருந்தால் போதும். நூறு வயசு நன்றாக இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு.: கீழே அப்பா முதலில் எழுதியது ‘நான் நன்றாக இருக்கிறேன்’. நான்தான் அடித்துவிட்டு உண்மையை எழுதச் சொன்னேன்.

பாப்பா, விழுந்தப்போ ரொம்பப் பயந்துட்டேன். உன்னைப் பார்க்காமலே போயிடுவேனோன்னு இருந்தது. டாக்டர்கிட்ட போம்மா.
அப்பா