கதவுக்கு அந்தாண்ட

அன்புள்ள எழிலுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? கல்வராயன் மலைப் பக்கம் மழை இறங்கிச்சா, நம்ம மரவள்ளி தேறுமா?

போன்ல சொன்னா நீ சிரிச்சே கட் பண்ணிடுவ, அதான் எழுதுறேன். இங்க ருமேனியாவுல எங்க தச்சு கம்பெனியை ஒரு சினிமாவுக்கு வூடு செட்டு போடக் கூப்ட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு வூட்டுக்கு வர்ற பொண்ணு, எவனையோ மாப்பிள்ளைன்னு பொய் சொல்லிக் கூட்டியாந்து, கடைசில அவனையே கட்டிக்கிற சிரிப்புப் படம். கொளுத்துற வெயில்ல காகிதப் பனியைக் கொட்டிக்கினு இருந்தோம். ஆள் கம்மின்னு எனக்கும் கம்பளிக் கோட்டு மாட்டி, கையில பெட்டியைக் குடுத்து, "பண்டிகைக்கு ஊருக்கு வர்றவன் நீ, கதவைத் தொறந்து உள்ள போ"ன்னாங்க.

போனேன். வாசல்ல பழக்கதோஷத்துல ஷூவைக் கழட்டி ஓரமா வச்சுட்டேன். டைரக்டர் கத்துறாரு, மத்தவங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. மறுபடி போனாலும் கால் கேக்கல. கடைசில லேஸை இறுக்கி முடிச்சுப் போட்டு அனுப்புனாங்க.

கதவுக்கு அந்தாண்ட வூடு இல்ல எழிலு, வெறும் புல்லுதான். அந்தக் கதவைச் செஞ்சவனே நான்தான். இருந்தும் கொஞ்ச நேரம் பெட்டியோட அங்கேயே நின்னுட்டேன்.

ரூம்ல இருக்கிற சங்கராபுரத்து அய்யப்பன் லீவுல வர்றான், இதை அவன்கிட்ட குடுக்கிறேன். திரும்பும்போது வறுத்த மல்லாட்டை கொஞ்சம் குடுத்துவுடு, இங்கத்திக் கடலை ருசிக்கல. வண்டி வந்துடுச்சு, அவன் அவசரப்படுறான்.

நம்ம வாசக்கதவு கிறீச்சுங்குது, ஆசாரியைக் கூப்புடுறேன்னியே, வாணாம். நான் வர்ற அன்னிக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீ எட்டிப் பாக்கணும்.

உன்
பகலவன்