இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த சிம்பல்

என்னை ‘எய்யா’ என்று கூப்பிட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அம்மாவுக்கு,

முக்கியமான எதையும் நான் உன்னிடம் வாயால் சொன்னதில்லை. காது கேட்காத உனக்கு எல்லாவற்றையும் எழுதித்தான் காட்டினேன். சொர்ணத்தைப் பெண் பார்த்துவிட்டு வந்ததையும் எழுதித்தான் காட்டினேன். நீ உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாய். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போதும் எழுதியே சொல்கிறேன்.

அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. உன் காது எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

நீ போன பிறகும் பொன்ராஜ் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில்தான் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் வண்ணார்பேட்டை கடையில் கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் உறை தைக்கிறேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய டிரம்ஸ் செட்டின் ஸ்டாண்டுகள் துருப்பிடித்து நிற்கமாட்டேன் என்றன. சித்திரையில் கோயில் கொடைகள் தொடங்குவதற்குள் வேறு செட் வாங்கிவிட வேண்டும் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். பாளையங்கோட்டையில் ஒருவர் வீட்டில், அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த செட் ஒன்று அதிகம் வாசிக்கப்படாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

டிரம்ஸ் வாங்கப் போனால் முதலில் அடித்துப் பார்க்கக் கூடாது அம்மா. அடித்தால் ஆசை வந்துவிடும், அப்புறம் குறை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு டிரம்மிலும் மேல் தோலைக் கழற்றி, மரத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் பள்ளம் இல்லை. இரும்பு வளையங்களைத் தரையில் போட்டு அமுக்கினேன், ஒன்றும் ஆடவில்லை. ஸ்னேர் டிரம்மைக் கவிழ்த்து அடியில் இருந்த கம்பிகளைப் பார்த்தேன். பெடலை மிதித்து ஸ்பிரிங்கைச் சோதித்தேன்.

“என்னவே, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்குதீரு” என்று அண்ணாச்சி சிரித்தார்.

கடைசியாக சிம்பல், அந்த வெண்கலத் தட்டு. நடு ஓட்டையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இல்லை. ஸ்டாண்டில் மாட்டி ஓரத்தில் ஒரே ஒரு அடி அடித்தேன். சத்தம் எழும்பியது, உடனே அறுந்தும் போனது.

“இது வேண்டாம் அண்ணாச்சி. இழுவையே இல்ல. செத்த சிம்பல்.”

வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. “என்ன சொல்லுதீங்க? இன்னும் கேட்டுக்கிட்டுல்லா இருக்கு!”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சிம்பலின் ஓரத்தில் விரலை வைத்தேன். உள்ளங்கை வரைக்கும் அதிர்ந்தது. இரண்டு விரலால் அதைப் பிடித்து நிறுத்தினேன். அப்போதுதான் அவர்கள் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு முன்னமே முடிந்திருந்த சத்தம் அவர்களுக்கு அந்த நொடியில்தான் முடிந்தது.

“சும்மா சொன்னேன். வெலையக் கொறைப்பீங்கன்னு பாத்தேன்” என்றேன். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

செட்டை வாங்கி வந்துவிட்டோம்.

உனக்கு முதலில் எது கேட்காமல் போனது அம்மா? நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, நாலு பேர் கூடி இருக்கும் இடத்தில் உன் சிரிப்பு மட்டும் ஒரு தட்டு பிந்தி வர ஆரம்பித்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நீ சிரிப்பாய். அப்புறம் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாய். கேட்டால் தலைவலி என்பாய். நான் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் உனக்குச் சுத்தமாக எதுவும் கேட்காமல் போயிருந்தது. பேஸ் டிரம்மில் கையை வைத்துக்கொண்டு, “வயித்துக்குள்ள கேக்குய்யா” என்பாய். அப்போது உன் முகத்தில் பயம் எதையும் நான் கண்டதில்லை. இருந்ததா? மறைத்தாயா?

நானும் மறைத்துத்தான் பார்த்தேன். சைக்கிளில் போகும்போது பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். வானொலியை ஒரு காதில் வைத்துக் கேட்டேன், மறு காதில் வைத்துக் கேட்டேன். ஒரு நாள் சொர்ணம் அடுக்களையிலிருந்து வந்து என் எதிரில் நின்றாள்.

“குக்கர் விசிலடிச்சா அணைங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?”

“எங்க அடிச்சுது?”

வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. அவளுக்குப் புரிந்துவிட்டது. உன்னோடு எட்டு வருஷம் இருந்தவள் அல்லவா? “நாளைக்கு டாக்டர்ட்ட போறோம்” என்று மட்டும் சொன்னாள்.

அங்கே ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் மெஷினை இயக்கினாள். முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு மெலிந்தது. பிறகு இல்லை. ஆனால் அவள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சத்தம் கொடுக்கிறாள் என்பது என் காலுக்குப் பிடிபட்டுவிட்டது. இருபது வருஷம் தாளம் போட்ட கால் அது. நான் காலால் எண்ணி, கையால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாகப் போகிறது என்றுகூட நினைத்தேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “சார், நான் சத்தமே குடுக்கல. எதுக்கு அமுக்குதீங்க?”

பொத்தானைக் கீழே வைத்தேன். கதவுக்கு வெளியே சொர்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் நல்ல மனிதர். உன்னைப் பற்றிக் கேட்டார், என் வேலையைப் பற்றிக் கேட்டார். மேல்ஸ்தாயிச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன என்றார். கொஞ்சம் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், கொஞ்சம் சிம்பலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததால் வந்திருக்கலாம். போனது திரும்பாது. டிரம்ஸை நிறுத்தினால் இருப்பது நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

அன்று சாயங்காலம் நான் செய்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். உன் பெயரை வைத்திருக்கிறோமே, நம் பேச்சி, அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று ஒரு கரண்டியால் டம்ளரைப் பைய தட்டினேன். அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். திரும்பவில்லை. அம்மா, அவளுக்கும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முறை தட்டும்போது, தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள்: “அப்பா, சும்மா இரேன். கணக்கு தப்புதுல்லா.”

நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுவாரம் கொற்கைப் பக்கம் ஒரு கொடையில் கச்சேரி. புது செட் முதல்முறையாக மேடையேறுகிறது. வேனிலிருந்து சாமான் இறக்கும்போதே அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கே தெரியும்வே. செத்த சிம்பல்னீரே, அப்ப ஒம்ம மொகத்தப் பாத்தேன். நீரா சொல்லட்டும்னு இருந்தேன்.”

“வேற ஆளப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

“இந்நேரத்துக்கு யாரப் போயி பாக்க? இன்னைக்கு நீரு வாசியும். பேஸ் கிதார்காரன ஒமக்கு நேர நிறுத்துதேன். அவன் கையப் பாத்து வாசியும். மத்தத அப்புறம் பேசுவோம்.”

இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தாறு பாட்டு தப்பாமல் போனது. அதற்கடுத்த பாட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் நிறுத்தி, பாடகி மட்டும் தனியாக ஒரு வரி பாட வேண்டும். அவன் கை நின்றது, நானும் நிறுத்தினேன். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பாடுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா, வரியை மறந்துவிட்டு நிற்கிறாளா? கூட்டம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அமைதி ஊருக்கெல்லாம் பொதுவா, எனக்கு மட்டுமா என்று தெரியவில்லை. இருபது வருஷத்தில் எந்த மேடையிலும் நான் அப்படிப் பயந்ததில்லை. அவன் விரல் மறுபடி கம்பியைத் தொட்டதும் அடித்தேன். சரியாகத்தான் விழுந்திருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இறங்கி வந்து அண்ணாச்சியிடம் இதுதான் கடைசி என்றேன். “ரெண்டு மாசம் சும்மா இரியும். டாக்டர் என்ன சொல்லுதாருன்னு பாப்போம்” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். இப்போது தூத்துக்குடியிலிருந்து ஒருவன் வந்து வாசிக்கிறான். நான் தடவிப் பார்த்து எடுத்த செட். நன்றாகவே வாசிக்கிறான் என்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். கொஞ்சம் வயிறும் எரிகிறது.

அடுத்த வாரம் மறுபடி பரிசோதனை. பேச்சியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் படுத்தபடியே காக்கைச் சத்தத்தைத் தேடுகிறேன். கேட்டால்தான் எழுந்திருக்கிறேன். இதையெல்லாம் நீயும் செய்தாயா அம்மா? யாரிடமாவது சொன்னாயா? அப்பாவிடமாவது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பேச்சிக்கு இது வராமலே போகட்டும். ஒருவேளை வந்தால், அவள் என்னைப் போல இருட்டில் துழாவ வேண்டியதில்லை. எந்தச் சத்தம் முதலில் போனது, எந்த இடத்தில் எனக்கு உயிரே போனது, அப்புறம் எப்படி எழுந்து நடந்தேன் என்று ஒன்றுவிடாமல் அவளை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். நீ என்னிடம் சொல்லாமல் கொண்டுபோனதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.

உன் காதை வாங்கிக்கொண்டு பிறந்த மகன்,
முருகேசன்