ஒன்பதாம் பிரிவுக்கு விழுந்த கையெழுத்துகள்

ஜூன் 11, புதன்

விடியும்போதே மழை. ஆபீசில் சரியாக என் மேசைக்கு மேலேதான் ஒழுகுகிறது, வேறு இடமே கிடைக்கவில்லை அதற்கு. கம்ப்யூட்டருக்குப் பாலித்தீன் பை மாட்டினேன். முட்டுவலி வேறு.

எம்.பி. சார் டில்லியிலிருந்து வந்திருக்கிறார். கூடவே வங்கிகளின் சங்கத்திலிருந்து ஒருவர். இந்த மழையிலும் கோட்டு. நாகர்கோவிலில் கல்யாண மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் கோட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. என்னை 'மேடம்' என்றார். பதினோரு வருஷமாக இந்த ஆபீசில் மொழிபெயர்க்கிறேன், டைப் அடிக்கிறேன், டீக்கும் சொல்கிறேன். ஒருத்தர் மேடம் என்றதில்லை. மனசு குளிர்ந்துவிட்டது. சவம், அவ்வளவுதான் நான்.

விஷயம் இது. வீட்டை அடமானம் வைத்தவர் தவணை தவறினால் வங்கி அந்த வீட்டை எடுப்பது பற்றி ஒரு மசோதா. அதை ஆராயும் குழுவில் சார் இருக்கிறார். மசோதாவின் 9-ஆம் பிரிவுப்படி, வீட்டை எடுக்கும் முன் வங்கி ஆள் நேரில் வந்து, வீட்டிலிருப்பவருக்குப் புரியும் மொழியில் நோட்டீசை வாசித்துக் கையில் கொடுக்க வேண்டும். பெரிய வங்கிகளுக்கு இது வேண்டாம். போனுக்கு ஒரு மெசேஜ் போதும் என்று மாற்றச் சொல்கிறார்கள். மாற்று வாசகத்தை அவர்களே அடித்துக் கொண்டு வந்திருக்கிறார்கள். சார் பேசவேண்டிய பேச்சும் அதே ஃபைலில், கமா முற்றுப்புள்ளி உட்பட. சார் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஜெயா, இத நல்ல தமிழ்ல ஆக்கி வை" என்றார்.

கோட்டுக்காரர்: "மக்கள் கருத்தும் ஒண்ணு கேட்டுடலாம் மேடம். கடற்கரை ஊர் ஏதாவது..."

அவர் முடிக்கும் முன்பே "முட்டம். எங்க ஊரு" என்றேன். என்ன அவசரமோ எனக்கு.

வாங்க: அடுப்பு லைட்டர், மஞ்சள்தூள், தைலம்.

ஜூன் 13, வெள்ளி

சாரல். துணி காயவில்லை.

பிலோமி அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவள். முட்டத்திலேயே மீன் விற்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சமூகக்கூடத்தில் கூட்டம், பெண்களைக் கூட்டவேண்டும் என்றேன்.

"எதுக்குட்டி?"

"வீட்டை எடுக்குற சட்டம் வருது. உங்க கருத்தைக் கேட்க டில்லியிலிருந்து வாறாங்க."

"எங்ககிட்டயா? நல்லதுதான். பங்குச்சாமிகிட்ட சொல்லி பூசை அறிக்கையில வாசிக்கச் சொல்லுதேன். ஏட்டி, அவியளுக்கு மீன் பிடிக்குமா?"

அவளுக்கு இந்தக் கூட்டம் வேண்டும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. வள்ளமும் எஞ்சினும் வாங்க அத்தான் வைத்தது. சேசடிமை அத்தான் வள்ளத்தோடு புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அவரோடு போன மற்றவர்களின் வீடுகளில் இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றாள், இன்னும் நிற்கிறாள். இறந்தோர் பூசைக்குப் பேர் கொடுப்பதில்லை. மஞ்சள் சரடும் கழுத்தில். தவணையை மாதாமாதம் இவள்தான் கட்டுகிறாள். மீன் வரத்தில்லாத ஆனி ஆடியில் தவறிப்போகும்.

ஜூன் 15, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கடல் மட்டும் அடங்கவில்லை. கூடத்துக்குள்ளேயே இரைச்சல்.

எண்பது பெண்கள் இருக்கும். ஆம்பிளைகள் விரல்விட்டு எண்ணலாம். இங்கே மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கடலில் தடை முடிந்துவிட்டதால் பாதிப்பேர் தூத்துக்குடிப் பக்கம் போட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதி துபாய், கத்தார். கோட்டுக்காரர் பாதி ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். எல்லாருக்கும் பருப்புவடை, ஆளுக்கொரு குடை. குடையில் வங்கியின் பெயர்.

போனில் நோட்டீஸ் வந்தால் சௌகரியம்தானே என்று கேட்டார். அக்கா எழுந்தாள்.

"சாரே, எனக்க வீடு எனக்க மாப்பிள்ள பேருல கெடக்கு. பேங்குல குடுத்தது அவருக்க போன் நம்பரு. அந்த போன் அவருக்க பாக்கெட்டுல, அவரு கடலுல. நம்பரை மாத்த மூணு தடவ போனேன். அவரு நேருல வரணும், இல்லேன்னா செத்த சர்ட்டிபிகேட் வேணும்னு சொல்லுதாவ. நீங்க மெசேஜ் போட்டா அத யாரு வாசிக்கியது? மீனா?"

ஒருத்தி சிரித்தாள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. "ஆளு வரணும். கையில தரணும். வாசிச்சுக் காட்டணும்" என்று கூடம் முழுக்கச் சொன்னது. கோட்டுக்காரர் எழுதிக்கொண்டார். முகத்தில் நல்ல மரியாதை.

பிறகு கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. மேலே தலைப்பு இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். "வந்ததுக்கு அடையாளந்தான், போடுங்க" என்றேன். என் வாயால் சொன்னேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கோயிலில் எந்தத் தாள் வந்தாலும் வீட்டுக்கு ஒருத்தி, வீட்டிலுள்ள எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவாள். போட்டில் இருப்பவனுக்கும் துபாயில் இருப்பவனுக்கும். யாரும் தப்பாக எடுப்பதில்லை, விட்டால்தான் கோபம் வரும். எண்பது பேர் வந்த கூட்டத்துக்குத் தாள்கள் நிறைந்து வழிந்தன. அக்கா தன் பெயரை எழுதி, அதன் கீழே நிதானமாக 'சேசடிமை' என்றும் எழுதினாள். எப்போதும் எழுதுவதுதான்.

மதியம் அவள் வீட்டில் சாளைக்கறி. வயிறுமுட்டத் தின்றுவிட்டு பஸ்ஸில் தூங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

நாள் முழுக்க டைப்பிங். பெண்கள் சொன்னதை இரண்டு பக்கம் எழுதினேன், அக்கா சொன்னது வார்த்தை மாறாமல். மீன் வாசிக்குமா என்றதையும் விடவில்லை. கோட்டுக்காரர் ஆங்கிலத்தில் ஆக்கிச் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அந்த ஆங்கிலத்தைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

சாரின் பேச்சில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தது: உள்ளூர் மக்கள் கருத்து. அதில் 'எங்கள் மாவட்டத்துக் கடற்கரைத் தாய்மார்கள் கேட்பது என்னவென்றால்' என்று தொடங்கி, நேரில் நோட்டீஸ் தரவேண்டும் என்ற வேண்டுகோளை எழுதிவைத்தேன். பேச்சின் மற்ற பக்கமெல்லாம் அதற்கு நேர் எதிர். இருக்கட்டும், சார் படிக்கும்போது யோசிப்பார் என்று நினைத்தேன். 'கடற்கரைத் தாய்மார்கள்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாலு தரம் வாசித்தேன்.

சிலிண்டர் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

குழுவின் அறிக்கை வந்துவிட்டது. வெயில். ஒரு மாதத்துக்குப் பிறகு தலையணையை மாடியில் போட்டேன், காக்கை எச்சம் போட்டது.

9-ஆம் பிரிவு போயிற்று. அதன் இடத்தில் கோட்டுக்காரரின் ஃபைலில் இருந்த வாசகம், அப்படியே. நான் அதைத் தமிழாக்கியவள், எனக்குத் தெரியாதா. ஒரு வார்த்தை மாறவில்லை.

பின்னிணைப்பில் முட்டம். 'மீனவர்கள் குடும்பத்தோடு பெருந்திரளாக நேரில் கலந்துகொண்டு ஒப்புதல் தெரிவித்தனர். கடலில் இருக்கும் கணவரின் கையில் எப்போதும் போன் இருப்பதால் மெசேஜ் நோட்டீஸ் உடனே சேரும் என்று மகளிர் கூறினர்.' கீழே கையெழுத்துத் தாள்கள். காலியாக இருந்த தலைப்பில் இப்போது 'திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தோர்'.

மூன்றாம் பக்கத்தில் அக்கா. அவளுக்குக் கீழே அத்தான்.

கழிப்பறையில் போய் அழுதேன். வெளியே வந்தபோது டீக்காரர் "கண்ணுல என்னக்கா தூசியா" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 23, புதன்

சாரிடம் போனேன். பத்து நிமிஷம் நின்றுகொண்டே பேசினேன். முட்டத்துப் பெண்கள் சொன்னது இது இல்லை, இதற்கு நேர்மாறு என்றேன். கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, ஒருவர் உயிரோடே இல்லை, இதைக் குழுவுக்கு எழுதவேண்டும் என்றேன்.

சார் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். என்னை உட்காரச் சொன்னார்.

"ஜெயா, நல்லா யோசி. இல்லாதவன் பேருல கையெழுத்துப் போட்டது யாரு? பேங்கா? உனக்க அக்காமாருதான். நீ வெளியே சொன்னா கள்ளக் கையெழுத்துன்னு அவியமேலதான் கேசு வரும். எனக்கும் இதுல சந்தோஷம் ஒண்ணும் இல்ல. குழுவுல அத்தன பேரும் ஒத்துக்கிட்டானுவ. நான் ஒருத்தன் தொண்ட கிழிய கத்தி என்ன ஆவப்போவுது?"

கத்தித்தான் பாருங்களேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சரி சார் என்று வந்தேன். 'சரி சார்' என் வாயில் தானாக வரும், இருமல் மாதிரி.

ஆகஸ்ட் 6, புதன்

வானம் மூடலாக இருந்தது, மழை இல்லை. மசோதா நாடாளுமன்றத்தில் வந்ததை ஆபீஸ் டிவியில் பார்த்தோம். சார் எழுந்தார், தமிழில் பேசினார். "எங்கள் மாவட்டத்துக் கடற்கரைத் தாய்மார்கள் கேட்பது என்னவென்றால்" என்றார். என் வரி. அதற்குப் பிறகு வந்தது என் வரி இல்லை. போனிலேயே நோட்டீஸ் அனுப்புங்கள் என்று தாய்மார்கள் கேட்டார்களாம். மேசையைத் தட்டினார்கள்.

அப்புறம் குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்போர் 'ஆம்' என்றார்கள். எதிர்ப்போர் என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டார்கள். நான் டீக்குச் சொல்லிக் காசு எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது முடிந்திருந்தது.

பதினோரு வருஷமாக இந்த வேலை. இன்றைக்குப் போல வெட்கம் வந்ததில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஆறுமணிக்கே அக்கா போன்.

"ஏட்டி ஜெயா! டிவியில நம்மள சொன்னாவளாமே! லூர்து பாத்திருக்கா. கடற்கரைத் தாய்மார்னு சொன்னாவளாம்! நீதான எழுதிக் குடுத்த?"

"ஆமா அக்கா."

"எனக்குத் தெரியும். லூர்துகிட்ட சொன்னேன், எனக்க தங்கச்சி அங்க இருக்கம்ப நமக்கு ஒண்ணும் வராதுன்னு. ஞாயிறு வந்தியானா நல்ல நெய்மீனு வாங்கி வைக்கேன்."

சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வடசேரிச் சந்தையில் தக்காளி வாங்கி அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். தூக்கம் இல்லை. அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு மாதிரியே வருகிறது. கிழித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். பூசைக்கு நிற்கவில்லை, நேரே வீட்டுக்குப் போனேன். அக்கா பின்வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு லூர்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சொன்னேன். ஃபைல், தலைப்பில்லாத தாள், அறிக்கை, டிவியில் கேட்டது, சார் சொன்ன கேஸ் பயம். இனி ஆள் வரவேண்டியதில்லை, அத்தானின் நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டால் நோட்டீஸ் கொடுத்த கணக்கு என்றும் சொன்னேன்.

லூர்து எழுந்துவிட்டாள். "படிச்சவ நீ! உன்ன நம்பித்தான போட்டோம்! குடைக்கும் வடைக்கும் எங்களை வித்துட்டியே பாவி!" உண்மைதானே. துருவலைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா மீனை வெட்டி முடித்தாள். கழுவினாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அதுல அவரு பேரும் உண்டுமா?"

"உண்டு அக்கா."

"அவரு சம்மதிச்சாருன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"அவரு சம்மதிக்க மாட்டாரு. பத்திரத்தக் குடுக்கம்பவே பேங்குக்காரன்கிட்ட அர நாள் சண்ட போட்டவரு." கையைத் துடைத்தாள். "பேப்பரு வச்சிருக்கியா? எழுது."

"யாருக்கு?"

"அந்தக் குழுவுக்குத்தான். பின்ன போப்பாண்டவருக்கா?"

"மசோதா பாஸ் ஆயாச்சு அக்கா. இனி எழுதி என்ன ஆகும்? நீதான் போட்டேன்னு எழுதினா உன்மேல கேஸ்தான் வரும்."

"வரட்டு. எனக்க வீட்டை எடுக்கட்டு, என்னையும் எடுக்கட்டு. அவரு சரின்னு சொன்னதா அங்க கெடக்கப்பிடாது. மத்தவள எவளையும் இழுக்காத. எனக்க வீட்டுக் காரியம் மட்டும் எழுது."

எழுத உட்கார்ந்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள். "எனக்க மாப்பிள்ள சேசடிமை அந்தக் கூட்டத்துக்கு வரல்ல. அவருக்க கையெழுத்து நான் போட்டது." அதோடு நின்றுவிட்டாள். அவர் ஏன் வரவில்லை என்று எழுதவேண்டுமே என்றேன். வெளியூரிலிருந்தார் என்று எழுதட்டுமா என்றும் கேட்டேன். அவளுக்காகத்தான் கேட்டேன்.

பூனை வந்து மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போனது, அக்கா விரட்டவில்லை.

"செத்துப்போனாருன்னு எழுது" என்றாள். "புயலுல செத்துப்போனாரு. திரும்பி வரமாட்டாரு. எழுதீட்டியா?"

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள், அந்த ஒரு வரியை மட்டும்.

பேனாவை வாங்கினாள். கீழே தன் பெயரை மட்டும் போட்டாள்.